போய் ஏலம் போடு

மணமகள் அறையில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். கதவில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, தங்க நிற எழுத்தில். உள்ளே சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதன் ஓரத்தில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், மேசை மேல் வளைந்துபோன ஹேர்பின்கள், மூலையில் காய்ந்த கனகாம்பரம். ஐம்பத்தாறு வயதில் கல்யாணப் பெண் மாதிரி, கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மேடை. என் மகன் பாடிக்கொண்டிருக்கிறான். பாடுகிறான் என்று சொல்லலாமா, ராப் என்பது பாடுவதா பேசுவதா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெளியே பேனரில் எம்சி உவர் என்று போட்டிருக்கிறது, வீட்டில் அவன் ரெக்ஸ்லின், ரெக்ஸ். தாளம் சுவர் வழியாக என் முதுகுக்கு வருகிறது. ஐஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாகக் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறவன் நான், அதிர்வு எனக்குப் பழக்கம்தான், ஆனால் கம்ப்ரசருக்கு ஒரே சீர், இது நின்று நின்று அடிக்கிறது, நிற்கிற ஒவ்வொரு தடவையும் ஏதோ பழுதாகிவிட்டது என்று நெஞ்சு தூக்கிப்போடுகிறது. இது எத்தனையாவது பாட்டு? ஏழாவது பாட்டுக்கு முன்னால் கூப்பிடுவேன் என்று ஷைனி சொன்னாள். நாகர்கோவில்காரப் பெண், ரெக்ஸின் நிகழ்ச்சிகளை எல்லாம் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "கூட்டம் கத்த ஆரம்பிக்கும் அங்கிள். நீங்க மேல வாங்க, மைக்கைத் தருவேன், அந்த டயலாக்கை மட்டும் சொல்லுங்க, சொல்லிட்டு அப்படியே இறங்கிரலாம். ஒரு நிமிஷ வேலை." ரெக்ஸுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். என்ன சொன்னான் என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே, "சரின்னான்" என்றாள்.

சரி. எந்தச் சரி? அவனிடம் பல சரி உண்டு. அவன் அம்மா பிலோமி மீன் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டால் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொல்லும் சரி ஒன்று. ஷிப்பிங் ஆபீஸ் வேலையை விடாதே என்று நான் சொன்னபோது சொன்ன சரி வேறு, அதைச் சொல்லிவிட்டு மறுநாளே விட்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது சின்ன வயதில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு சரி சொல்வான், அது, செய்து தொலை என்பது. ஷைனியிடம் சொன்னது அதுவாக இருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து, பந்தி போடும் ஹால் வழியாக வெளியே போய், பஸ் ஏறிவிட வேண்டும். அவனிடமே கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது, அவன் என்னிடம் பேசி மூன்று வாரமாகிறது. வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், அம்மாவிடம் பேசுகிறான், நான் உள்ளே வந்தால் அவன் வாய் நின்றுவிடுகிறது. கோபம் இல்லை. கோபம் என்றால் எனக்குத் தெரியும், நான் கோபக்காரன், எந்த வீட்டுக் கோபமும் எனக்கு வாசனையில் தெரிந்துவிடும். இது வேறு. என்னைப் பார்த்து அவன் கூச்சப்படுகிறான்.

நாற்பது வினாடி. எல்லாம் அந்த நாற்பது வினாடியால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவன் போட்ட முதல் ஆல்பம் 'உப்பு' எப்படி ஓடியது என்று எனக்குத் தெரியும், ஐஸ் ஏற்ற வருகிற போட்டுக்காரப் பையன்கள் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள், தெக்கத்தி ராப் என்றால் இவன்தான் என்று பேப்பரில் வந்தது. இரண்டாவது ஆல்பம், எங்கள் ஊர் ரயில்வே கேட்டின் பேரில் 'ரெண்டாம் கேட்', வெளிவந்து இரண்டு மாதம் ஆகிறது. வந்த அன்று காலையே நெட்டில் பாட்டுகளுக்குக் கீழே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'மொத ஆல்பத்துல பசி இருந்துச்சு, இதுல ஏசி இருக்கு.' 'மாப்ள, நீ தூத்துக்குடியா சென்னையா, முடிவு பண்ணிட்டுப் பாடு.' 'நம்ம ஊரு கேட்டு பேர வச்சிட்டு நம்ம பேச்சையே காணும்.' பழைய ரசிகர்கள்தான், 'உப்பு'க்கு உயிரைக் கொடுத்தவர்கள், அவர்கள்தான் அதிகமாகத் திட்டினார்கள். வாரப் பத்திரிகையில் ஒரு மதுரைக்காரர் இரண்டு பக்கம் விமர்சனம் எழுதினார். பன்னிரண்டு பாட்டில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை, நிற்பது நடுவில் வரும் ஒரு தகப்பனின் திட்டு மட்டும்தான், அது நம் வீடுகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரத்தின் குரல் என்று எழுதியிருந்தார். அந்தத் தகப்பன் நான். ரெக்ஸ் ஒரு நாள் வீட்டில் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து மழைச் சத்தம் பதிவுசெய்துகொண்டிருந்தபோது நான் வேலை முடிந்து வந்து கத்தியது அப்படியே அதில் விழுந்துவிட்டது. ஆல்பத்தில் போட்டுக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம்தான் கேட்டான். "போட்டுக்கோ, நான் மட்டும் கேட்டா போதுமா, ஊரும் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள் பிலோமி. நான் கத்தியது இது. ஏல, என்னல பாட்டு இது? மூச்சு விடாமப் பேசுனா பாட்டாயிருமா? மீன் ஏலம் போடுதவன் உன்னவிட நல்லாப் பாடுவான். போ! போய் ஏலம் போடு! இவ்வளவுதான். இதைத்தான் கல்லூரிப் பிள்ளைகள் வாயசைத்து வீடியோ போடுகிறார்கள், ஒரு பெண் கைலி கட்டி மீசை வரைந்துகொண்டு போட்டிருந்தாள், கிரிக்கெட்டில் ஒருவன் கேட்சை விட்டால் இந்தக் குரலைப் போடுகிறார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. ஒரு நாள் பழைய பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் சீனி கம்மி என்றேன், பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான், "அண்ணாச்சி, இன்னொரு தடவ பேசுங்க" என்றான்.

அதிகாரத்தின் குரல். மதுரைக்காரர் ஒரு நாள் ஐஸ் கம்பெனிக்கு வந்து நிற்கட்டும். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனிடம் கதவை அடை என்று சொல்லவே தொண்டை கிழியவேண்டும், அங்கே இருந்து வீட்டுக்கு வருகிறவன் குரல் வாசலில் செருப்போடு கழன்றுவிடுமா. அதுவும் அந்த நாள். அன்று மதியம், ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு லைனில் ஒரு வால்வு விட்டுவிட்டது. கண் எரிந்து, ஈரச் சாக்கை மூஞ்சியில் அமுக்கிக்கொண்டு எல்லாரும் ரோட்டுக்கு ஓடினோம், ஓடி நின்று திரும்பிப் பார்த்தால் கூட வேலை பார்த்த தஸ்நேவிசைக் காணவில்லை. உள்ளே கிடந்தான். இழுத்துப் போட்டார்கள், பிழைத்துவிட்டான், இப்போது ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்க்கிறான், ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நான் ரோட்டில் நின்ற நேரம், திரும்பி உள்ளே போகாமல் நின்ற நேரம், அதை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்தால் இவன் வேலையை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். நான் செத்தால் இவனுக்கு என்ன இருக்கிறது? இதுதான் வந்தது மனசில். வாயில் வந்தது ஏலம். இதை யாரிடமும் சொல்லவில்லை, பிலோமியிடம்கூட, அவளுக்குத் தெரிந்தது வால்வு மட்டும்தான். சரி, மதுரைக்காரருக்கு அமோனியா தெரியாது, விடு. தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? பயத்தின் குரல் என்றா? அது இன்னும் கேவலம். அதிகாரம் பரவாயில்லை. பார், இப்போதுகூட எந்தப் பட்டம் எனக்கு நன்றாக இருக்கும் என்றுதான் யோசிக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறவனும் நான்தானே. என் மகனின் ஆல்பத்தை மண்ணில் போட்டு மிதித்த கட்டுரை, அதில் என்னைப் பற்றிய பத்தி மட்டும் எனக்கு மனப்பாடம்.

கண்ணாடியில் என்னைப் பார்க்கிறேன், பொட்டுகளுக்கு நடுவில். வெள்ளைச் சட்டை, புதுசு, ஷைனி சொல்லவில்லை, நானாகத்தான் வாங்கினேன். தாளம் மறுபடி நின்றது. மறுபடி தொடங்கியது. கூட்டம் கை தட்டவில்லை. தட்டியிருந்தால் இங்கே கேட்கும். மதுரை நிகழ்ச்சியில் இப்படித்தான் ஆனதாம், ஐந்தாவது பாட்டிலேயே பாதிப் பேர் வெளியே போய்ப் பைக் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குச் சென்னையிலிருந்து ஆல்பம் கம்பெனி ஆள் ஒருவர் வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அடுத்த ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போடலாமா, இவனை இத்தோடு விட்டுவிடலாமா என்று பார்க்க. சொந்த ஊரிலேயே கூட்டம் தூங்கினால் முடிந்தது. இதை ஷைனி என்னிடம் காரில் வைத்துச் சொன்னாள், சொல்லிவிட்டு, "நீங்க ஏறினா அந்த ஹால் பிச்சுக்கும் அங்கிள்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது என்ன? மகனைக் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பா? இல்லை. ஹால் பிய்த்துக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. மாதா கோயில் திருவிழாவில்கூட நான் மைக்கைத் தொட்டது கிடையாது.

விரல் தவறியது. அதைத்தான் எல்லாரிடமும் சொன்னேன். ஐஸில் கிடந்து மரத்துப்போன விரல், எங்கே தொடுகிறது என்று எனக்கே தெரியாது. ஆல்பத்துக்குக் கீழே ஒருவன் எழுதியிருந்தான், 'பேசாம அப்பன வச்சே ஆல்பம் போடுல, உனக்கு எதுக்கு இந்த வேல.' அதன் பக்கத்தில் இருந்த இதயத்தை அழுத்திவிட்டேன். சிவந்துவிட்டது. என் பேரிலேயே கணக்கு, தொபியாஸ் மச்சாது, புதுக் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும் என் போட்டோவோடு. எவனோ கண்டுபிடித்தான். 'டேய், அப்பனே லைக் போட்டுட்டான்டா!' படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்கத் தமிழ்நாடே சிரித்தது என்று பிலோமியின் தங்கை மகள் போன் பண்ணினாள். அன்று சாயங்காலம் ரெக்ஸ் வந்தான், கை கழுவினான், சாப்பிட்டான், எழுந்து போனான். மனசுக்குள் கத்தினேன், ஏலே, ஏதாவது கேளுல, திட்டு, அன்று ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நான் திட்டின மாதிரித் திட்டு. ஒன்றும் இல்லை. விரல் தவறியது. தவறியிருந்தால் மறுபடி அழுத்தி எடுத்திருக்கலாமே? எடுக்கத் தெரியவில்லை. எடுக்கத் தெரியாதா? போட்ட இடத்திலேயே அழுத்தினால் போய்விடும் என்பது கம்பெனியில் லோடு ஏற்றுகிற பையனுக்குக்கூடத் தெரியும், எனக்கும் தெரியும். பாத்ரூமில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிவப்பை எவ்வளவு நேரம் பார்த்தேன். எவனோ முகம் தெரியாதவன் என்னைத்தான் ஆல்பம் போடச் சொல்கிறான். என் வாழ்க்கையில் யாரும் என்னை ஒன்று போடு என்று சொன்னதில்லை, ஐஸ் பார் போடு என்பதைத் தவிர. அது மகனைக் குத்தும் சொல் என்பது உறைக்க அடுத்த நாளாயிற்று. இல்லை, பொய். அப்போதே உறைத்தது. உறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே கத்தத் தொடங்கிவிட்டார்கள். முதலில் ஒரு மூலையில், பிறகு எல்லா இடத்திலும், போய் ஏலம் போடு, போய் ஏலம் போடு. கைத்தட்டோடு. கதவு திறந்தது, ஷைனி என்று எழுந்தேன். ரெக்ஸ். உடம்பெல்லாம் வேர்வை, கழுத்தில் துண்டு. கதவைச் சாத்தினான், சத்தம் கொஞ்சம் குறைந்தது.

"வந்துட்டியளா."

"ஷைனி கார்ல கூட்டிட்டு வந்தா."

"ம்." பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். "அம்மாவும் வந்திருக்கா. முன்னாடி உக்காந்திருக்கா. காதுல பஞ்சு."

"நாந்தான் குடுத்தேன். இல்லாட்டி வரமாட்டேன்னுட்டா."

சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான், கண்ணாடியில் நான் அவனுக்குப் பின்னால். இதுதான் நேரம், இப்போது விட்டால் இல்லை என்று, "ரெக்சு, அந்த லைக்கு விஷயம்..." என்றேன்.

"அத விடுங்க."

"இல்லல, வெரலு..."

"விடுங்கன்னேம்லா." துண்டால் முகத்தைத் துடைத்தான். துண்டுக்குள்ளிருந்தே கேட்டான், "ஆல்பம் கேட்டியளா?"

"என்னல இப்படிக் கேக்க? எத்தன தடவ கேட்டிருப்பேன்!" கம்பெனிக் குரல் வந்துவிட்டது, இந்தச் சின்ன அறையில் எனக்கே இடித்தது.

"எது பிடிச்சிருந்துச்சு?"

"ஏழாவது."

"ஏழாவதுல முதல்ல நீங்க பேசுதிய. அதுக்கப்புறம் பாட்டு. நீங்க போய் ஏலம் போடுன்னு சொன்னதும் என்ன வருது?"

வாயைத் திறந்தேன். என்ன வருகிறது. எனக்கு அந்தப் புள்ளி தெரியும், திரையில் ஓடும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி, அது எங்கே வந்தால் என் குரல் தொடங்கும், எங்கே வந்தால் முடியும் என்று இருட்டில்கூடச் சொல்வேன். முடிந்ததும் விரலால் பிடித்து முன்னால் இழுத்துவிடுவேன். மறுபடி ஏல, என்னல பாட்டு இது. மறுபடி இழுப்பேன். கம்பெனியில், பஸ்ஸில், பாத்ரூமில். ஒரு தடவைகூட அதை அப்படியே ஓட விட்டதில்லை. அதற்கு முன்னால் ஆறு பாட்டு இருக்கிறது, பின்னால் ஐந்து இருக்கிறது, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நேரமாக அவன் பாடியது எது என்று எனக்குத் தெரியாததற்குச் சுவர் காரணம் இல்லை. மதுரைக்காரர் கட்டுரையில் ஒரு வரி இருந்தது, இந்தத் திட்டுக்குப் பிறகு வரும் நான்கு நிமிடம் வேண்டாத நீளம் என்று. அந்த வரியைத் தாண்டித்தான் எத்தனை தடவை போயிருக்கிறேன், எந்த நான்கு நிமிடம் என்று கேட்கத் தோன்றவில்லை.

"தாளம்..." என்றேன். "தாளம் வரும்லா."

அவன் துண்டை இறக்கினான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "எல்லாரும் அங்ஙனயே நிறுத்திருதாங்கப்பா" என்றான். திட்டுகிற மாதிரி இல்லை, காய்ச்சல் வந்தவன் எங்கே வலிக்கிறது என்று காட்டுகிற மாதிரி. "அந்தப் பாட்டத்தான் மொதல்ல எழுதுனேன். ஆல்பமே அதுக்காகத்தான் போட்டேன்."

"என்ன பாட்டுல அது?"

அவன் சொல்வதற்குள் ஷைனி கதவைத் தள்ளினாள். "ரெக்ஸ், போ, கத்தி மண்டபத்தை இடிச்சிருவாங்க. அங்கிள், வாங்க, வாங்க." அவன் போய்விட்டான். நான் அவள் பின்னால் நடக்கிறேன். ஒயர்கள், மடக்கி வைத்த நாற்காலிகள், மரப்படி. போகாமல் இருக்கலாம். இப்போது திரும்பினால் அவன் அவன் பாட்டை அவனே பாடுவான், இவர்கள் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். ஓய்ந்தால் சென்னைக்காரர் எழுந்து போய்விடுவார். நான் மேடைக்குப் போனாலோ மறுபடியும் நான்தான் ஆல்பம். எது அவனுக்கு நல்லது, எது எனக்கு ஆசை, இரண்டையும் பிரிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், ஆனால் படி முடிந்துவிட்டது, வெளிச்சம் மூஞ்சியில் அடிக்கிறது, கையில் மைக் இருக்கிறது, அது இவ்வளவு கனமா.

பெரிய சத்தம். அலை மாதிரி இல்லை, ஐஸ் பார் அச்சிலிருந்து மொத்தமாகக் கழன்று விழுவது மாதிரி. எல்லாக் கையிலும் போன். முன்வரிசையில் பிலோமி, காதில் பஞ்சு, சேலை முனையை வாயில் வைத்திருக்கிறாள். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். ஏல என்று ஆரம்பிக்கக் காற்றை இழுத்தேன். அதற்குள் அவர்களே தொடங்கிவிட்டார்கள். ஏல, என்னல பாட்டு இது, என்று அத்தனை பேரும், என் இழுப்பு, என் நிறுத்தம், பாட்டாயிருமா என்பதில் நான் ஏறும் இடம் வரை சரியாக, என்னைப் பார்த்து, சிரித்துக்கொண்டு. நான் திறந்த வாயோடு நிற்கிறேன். இத்தனை பேர் சேர்ந்து திட்டும்போதும் அதில் ஓர் இடத்தில் தஸ்நேவிஸ் கிடக்கிறான், யாருக்கும் தெரியாது. போ! போய் ஏலம் போடு! முடிந்தது. விசில். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை யாரும் கவனித்த மாதிரியும் இல்லை.

பிறகு அது நடந்தது. தூக்கின போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எடுத்ததைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள், பக்கத்தில் காட்டினார்கள். பின்னால் ஒரு கூட்டம் கதவுப் பக்கம் நகர்ந்தது. சென்னைக்காரர் எதையோ யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். ஷைனி ஓரத்தில் நின்று கையை ஆட்டினாள், இறங்குங்க, போதும். ரெக்ஸ் மேடையின் நடுவில், என் பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்து நின்றான். தாளம் தொடங்கியது. மற்றவை மாதிரி இல்லை, மெதுவாக, நிறைய இடம் விட்டு. இந்த இடத்தில்தான் என் விரல் எப்போதும் வரும்.

ஷைனி மறுபடி கையை ஆட்டினாள். நான் மைக்கை அவளிடம் நீட்டினேன், அவள் வாங்கிக்கொண்டாள், வாங்கிக்கொண்டு படியைக் காட்டினாள். நான் படிக்குப் போகவில்லை. "அப்பா, எறங்குங்க, ஆள மறைக்கிய!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான், நாலைந்து பேர் சிரித்தார்கள். ஓரமாக நகர்ந்தேன், மேடையில்தான், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், அவன் முகம் தெரிகிற இடத்தில். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவன் ஓரக்கண்ணால் பார்த்தான், நான் போகவில்லை என்று பார்த்தான். மூச்சை இழுத்தான். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.